பேசுகிற எடிட்டர்

என் தங்க மகளுக்கு,

காலைப் பிரார்த்தனை முடித்த கையோடு எழுதுகிறேன். ஆண்டவன் புண்ணியத்தில் அப்பாவும் நானும் சௌக்கியம். இதை உன் கம்ப்யூட்டர் அந்த உப்புச்சப்பில்லாத குரலில்தான் வாசித்துக் காட்டும்; நீ அம்மா குரலாக நினைத்துக் கேட்டுக்கொள்.

அப்பாவுக்கு மூட்டுவலி தேவலை. உன்னைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் வலியே மறந்துபோகிறது. தபால்காரரைக்கூட நிறுத்திவைத்து, "பார்வை இல்லாத பிள்ளை சார், வெப்சைட் பண்ற கம்பெனியில தானா பரீட்சை எழுதி உள்ள போயிருக்கா" என்கிறார். பாவம், அவர் மற்ற வீட்டுக்கெல்லாம் தபால் கொடுக்க வேண்டாமா?

நீ போனில் சொன்னது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ஆபீசில் எல்லாரும் புரோகிராம் எழுதுகிற எடிட்டரில், உனக்கு வாசித்துக் காட்டுகிற குரல் பாதியில் நின்றுவிடுகிறது. எந்த எடிட்டர் வேண்டும் என்று திங்கட்கிழமை டீம் லீடரிடம் சொல்லியாக வேண்டும். நீயோ, "எல்லாரும் வெச்சிருக்கிறதையே வெச்சுக்கறேம்மா, முடியலன்னா வீட்டுக்கு வந்துடறேன்" என்கிறாய்.

எதையும் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது, தெரியுமே. உனக்குப் பாடப் புத்தகத்தைப் படித்துக் காட்டியே, ஒரு வெப் பக்கம் எழுதும் அளவுக்குத் தேறியவள் நான். அதனால் நம் பழைய கம்ப்யூட்டரில் உன் ஆபீஸ் எடிட்டரையும் நீ பழகிய எடிட்டரையும் ஏற்றி, திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நீ பழகியதில் ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டதுமே, எந்த வரியில் தப்பு என்று குரல் சொல்லிவிட்டது. ஆபீஸ் எடிட்டரில் தப்புக்குக் கீழே சிவப்புக் கோடு மட்டும்தான். கோட்டுக்கு வாய் உண்டா? நடுவில் குரலும் நின்றுபோனது. ஏதோ யோசிக்கிறது போலிருக்கிறது என்று நான் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே போனேன். திரையைப் போட்டுப் பார்த்தால், நான் தட்டியதெல்லாம் அதே கம்ப்யூட்டரில் அப்பா திறந்து வைத்திருந்த லீவு லெட்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது! "ரெண்டு நாள் லீவு கேட்டேன்டி. இதை அனுப்பியிருந்தா ஒரேயடியா குடுத்திருப்பாங்க" என்றார் அப்பா.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் திரையைப் போட ஒரு வழி இருந்தது. அந்த வழி இல்லாமலே, அதே எடிட்டரில், கொடுத்த வேலை அத்தனையும் நீ முடித்துக் கொடுத்திருக்கிறாய். இவ்வளவு சிரமம் என்று மூச்சுகூட விடவில்லையே. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது.

பக்கத்து மேஜைப் பையன் எடிட்டர் திரைக்குக் கறுப்புப் பின்னணிதான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினான் என்று சொல்லிச் சிரித்தாய். அவன் கண்ணுக்கு வேண்டியதை அவன் கேட்டு வாங்கினான். உன் காதுக்கு வேண்டியதை நீயும் கேட்டு வாங்கு. டீம் லீடர் ஏன் என்றால், திரையை அணைத்துவிட்டு ஒரு வரி எழுதிப் பார்க்கச் சொல்.

உன் அறையைப் பெருக்கித் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். விடுமுறை விட்டதும் ஓடி வா. அதற்கு முன்னால் மட்டும் வந்துவிடாதே, தங்கம். திங்கட்கிழமை நீ வாய் திறக்கிற நேரம், இங்கே நான் ஆண்டவன் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா