வீட்டுப் பக்கத்துத் தாழ்ப்பாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, என் முழங்கால் வழக்கம்போல, மற்றபடி எனக்கு ஒரே நோய் வயிற்றெரிச்சல்தான். அப்பாவிடம் சொன்னால் மாத்திரையை எடுத்து நீட்டுவார் என்று உனக்கு எழுதுகிறேன்.

நீ யாருக்கோ கட்டிக் கொடுக்கிற கிளினிக்குக்கு நீ போட்ட வரைபடம் வந்தது. கீழே வைத்தியம், மேலே டாக்டர் வீடும் நர்ஸ் வீடும். முதலில் பெருமையாகத்தான் இருந்தது, அப்பாவின் கம்பவுண்டரிடம்கூடக் காட்டினேன். அப்புறம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன், அதுதான் வினை. அந்த டாக்டர் பெண்டாட்டிக்குத் தனி வாசல், தனி மாடிப்படி, சமையலறையில் மரத்தைப் பார்த்த ஜன்னல். முகம் தெரியாத ஒருத்தி மேல் இவ்வளவு பொறாமை வரும் என்று நான் நினைக்கவேயில்லை. வீட்டு முன்பக்கத்தில் அப்பா வைத்தியம் பார்க்கிற இந்த முப்பத்தெட்டு வருஷமாக என் சமையலறையில் லோஷன் வாடை, என் கழிப்பறை வாசலில் நோயாளிகள் வரிசை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் பாலுக்கு முன்னால் அப்பாவின் ஊசிகள்தான் என் அடுப்பில் கொதிக்கும். பெற்றவளுக்கு ஒரு ஜன்னல் போடாதவள் யாருக்கோ போட்டுக் கொடுக்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு ஜன்னல் வேண்டும் என்று உன்னை யாரும் கேட்கவில்லை, தப்பு உன்மேல் இல்லை, ஆனாலும் மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

மாடிப்படிக்கு அடியில் கிளினிக்குக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் தாழ்ப்பாள் வீட்டுப் பக்கம் மட்டும் என்று எழுதியிருக்கிறாய். நம் நடுக்கதவுக்குத் தாழ்ப்பாள் அப்பா பக்கம்தானே. அவருக்கு வேண்டும்போது பூட்டுவார், இல்லாதபோது கம்பவுண்டர் முதல் காய்ச்சல்காரர் வரை வெந்நீர் கேட்டு உள்ளே வந்துவிடுவார்கள். நான் குளித்துவிட்டு வரும்போதெல்லாம் நீ அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாய், வேறு இடமா இல்லை என்று திட்டியிருக்கிறேன். நான் புடவை கட்டி முடிக்கும்வரை நீ எதற்கு அங்கே உட்கார்ந்தாய் என்பது உன் எழுத்தைப் பார்த்த பிறகுதான் இந்த மண்டையில் ஏறியது. அன்றைக்கு அழுதேன்.

இப்போது அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனைக்கு இடம் வேண்டுமாம், என் பின்னறையை எடுத்துக்கொள்ள அடுத்த வாரம் மேஸ்திரி வருகிறார். எப்பவும் அடுப்படியிலதானே இருக்க, உனக்கெதுக்குத் தனியா ஒரு ரூம் என்கிறார். நேற்று அவர் வெளியே போன நேரம் பார்த்துத் தச்சரை வரவழைத்துத் நடுக்கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி என் பக்கம் மாட்டச் சொன்னேன். டாக்டர் ஐயாவுக்குத் தெரியுமாம்மா என்று இழுத்தார். தட்டும்போது தெரிஞ்சுக்குவார், நீங்க மாட்டுங்க என்றேன்.

மேஸ்திரி வருவதற்குள் இந்த வீட்டுக்கும் ஒரு படம் போட்டு அனுப்பு, என் அறை அதில் இருக்க வேண்டும். அவளுக்குப் போட்டதில் பாதி போதும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம், ஜன்னல் அவளுடையதைவிட ஒரு சாண் பெரிதாகவே இருக்கட்டும்.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. இருவரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருங்கள். அப்பா பத்து நிமிஷமாக நடுக்கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். கையெழுத்துப் போட்டு உறையையும் ஒட்டிவிட்டுப் போய்த் திறக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா