முன்னறைத் தொட்டிக்குக் காவல் இருந்தோம்

கடல் நடுவே குடியேறிவிட்ட என் மனைவிக்கு,

எல்லோரும் நலம். உன் பவளங்களும் நலம். இதை முதலிலேயே எழுதாவிட்டால் மேற்கொண்டு படிக்கமாட்டாய். போனில் சொன்னால் பாதியில் திட்டுவாய், அதனால்தான் கடிதம்.

உன் ஆய்வகக் கூரை ஒழுகுகிறதென்று நம் முன்னறைக்கு வந்து சேர்ந்த அந்தப் பவளத் தொட்டியால் குடும்பமே இரண்டுபட்டுப் போனது. காலையில் ஒழுங்காக இருக்கும் தண்ணீரில் ராத்திரிக்குள் அமிலம் ஏறிவிடுவதாக மீட்டர் காட்டுகிறது. "இப்படியே போனா இங்க கடல்ல நட வேண்டிய பவளம் வீணாயிடும், இன்னொரு வருஷம் நான் இங்கயே இருந்து முதல்லேருந்து வளர்க்கணும்" என்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

நான் கணக்குத் தணிக்கைக்காரன் அல்லவா? யாரோ உள்ளே எதையோ ஊற்றுகிறார்கள் என்று முடிவுகட்டினேன். உன் தம்பி மேல்தான் சந்தேகம். எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டுக் கிளாஸைத் தொட்டி மேல்தான் வைப்பான். அவன் என் அம்மாவைக் கைகாட்டினான். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மருமக எப்ப வருவான்னு பார்த்துட்டிருக்கேன், நான் ஏன்டா அதுல கை வைக்கப் போறேன்?" என்றார்.

ஆகவே எல்லோருமாகக் காவல் உட்கார்ந்தோம். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, ஒருவரை ஒருவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். தொட்டியை யாரும் தொடவில்லை. ஆனால் மீட்டர் என்றைக்கும் இல்லாத மோசம்! பேய் வேலை என்று சொல்லிவிட்டு உன் தம்பி போய்ப் படுத்துவிட்டான்.

மறுநாள் உன் ஆய்வகத் தோழி வந்தாள். கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூடிய அறையில் நாங்கள் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுதான் தண்ணீரில் கரைந்து அமிலமாகிறதாம். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு மாலை முழுக்க அங்கேதானே டிவி பார்க்கிறோம்? திருடனைப் பிடிக்க உட்கார்ந்த அத்தனை பேரும் திருடர்கள். ஜன்னலைத் திறந்தோம், மீட்டர் மெல்லப் பழைய இடத்துக்கு வந்தது.

இப்போது அம்மாவின் ஆட்சி. டிவி சமையலறைக்குப் போய்விட்டது. வருகிறவர்களிடம், "பேச வேண்டியதை வெளியவே பேசிட்டு வாங்க" என்கிறார். உன் தம்பியை உள்ளேயே விடுவதில்லை.

அளவெடுக்க நான் மட்டும் அங்கே போகிறேன். அறை வெறிச்சென்று கிடக்கிறது. பவளத்துக்கு அது நல்லது, எனக்கு நல்லதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்து பேசலாமா என்று உன் தோழியிடம் கேட்டேன். தாராளமாக என்றாள். இன்னொருவர் யார் என்று அவள் கேட்கவில்லை.

பவளங்களை ஆய்வகத்தார் பத்திரமாக அனுப்பிவைப்பார்கள். நட்டு முடித்ததும் படகைவிட்டு இறங்கி நேரே வீட்டுக்கு வந்துவிடு, தாயே.

அளந்து மூச்சு விடும்
உன் வீட்டுக்காரன்