சரோஜாவின் இசைத்தட்டு

சுபானு வருஷம், ஆவணி 9. திருத்தணி.

இன்று சென்னையில் நாள் முழுக்க அலைந்து சரோஜா பாடிய இசைத்தட்டைத் தேடினேன். அவள் உயிரோடு இருந்தவரை நான் அதைக் கேட்டதில்லை. குடும்பப் பெண்ணின் குரல் கடையில் விற்பதா என்று, தங்கையோடு பேச்சையே நிறுத்தியவன் நான். பெரிய கடைகளில் சினிமாப் பாட்டைத் தவிர ஒன்றும் இல்லை. மூர் மார்க்கெட் பின்புறம் ஒரு சின்னக் கடைக்காரனிடம், பாடியவளின் அண்ணன் என்று சொல்லிக் கேட்டேன்.

"ஒண்ணு இருந்துச்சு சார். போன மாசந்தான் ஒடச்சி மூட்டையில போட்டு அனுப்பிட்டேன். யுத்த காலம், பழசு குடுத்தாத்தான் கம்பெனிக்காரன் புதுசு தரான்."

"யார் கொண்டுவந்தது?"

"அந்தம்மா வூட்டுக்காரருதான். ரெண்டாங் கல்யாணம் கட்டிக்கினாராம். புதுப் பொண்ணுக்கு சினிமாப் பாட்டு வோணுமாம்."

அந்த அயோக்கியனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

"உடைப்பதற்கு முன் போட்டுக் கேட்டாயா?"

"கேக்காம இருப்பனா? இன்னா கொரலு சார்!"

இரண்டு அடி பாடிக் காட்டினான். சட்டென்று நிறுத்தினான்.

"மேல மறந்துபூட்ச்சி. அப்பால இன்னா சார் வரும்?"

தெரியாது என்றேன்.

"அண்ணன்னு சொன்னீங்களே?"