உறவினர் இல்லாதவர்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் வெளிநாட்டு வேலை

அனுப்புநர்:
எசெலினா கபாண்டா,
சலவைத் தொழிலாளி,
சந்தைப் பின்தெரு, மகோம்பே, மலாவி.

பெறுநர்:
மாவட்டத் தொழிலாளர் அலுவலர் அவர்கள்,
ஏரிக்கரை மாவட்டம்.

பொருள்: வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்ட சியோனே மாலெங்காவைக் கண்டுபிடிக்கவும், வெள்ளிக்கிழமை புறப்படும் வண்டியை நிறுத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் சியோனேயும் ஒரே விடுதியில் துணி வெளுப்பவர்கள். ஒரே அறையில் குடியிருந்தோம். அவள் அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். வெளிநாட்டு ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை என்று பேருந்து நிலையத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து, மார்ச் மாதம் இருவரும் விண்ணப்பித்தோம்.

2. விண்ணப்பத்தில் வேலை அனுபவத்துக்கு ஒரே வரி. உறவினர்களுக்கு ஒரு பக்கம் முழுவதும். 'தகவல் வராவிட்டால் உங்களைத் தேடக்கூடியவர் யார்?' என்றும் கேட்டிருந்தார்கள். நம் மேல் இவ்வளவு அக்கறையா என்று எண்ணி, பலாக்காவில் இருக்கும் என் தாயார், இரு அண்ணன்கள், பாதிரியார் என எல்லோரையும் முகவரியோடு தெளிவாக எழுதினேன். சியோனே கோடு மட்டும் போட்டாள். "ஏதாவது எழுதுடி, காலியா விட்டா யாரு கூப்பிடுவாங்க?" என்று கடிந்தேன். "இல்லாதவங்கள எப்படிக்கா எழுதறது?" என்றாள்.

3. விண்ணப்பம் வாங்கியவர் தம்மை பிரையன் என்று சொல்லிக்கொண்டார். என்னுடையதை நிதானமாகப் படித்தார். "ரொம்ப நல்லா நிரப்பியிருக்கீங்கம்மா. இத்தனை சொந்தம் இருக்கறவங்க எதுக்கு ஊரை விட்டுப் போகணும்?" என்று சொல்லி, அதைத் திருப்பித் தராமல் மடித்து வைத்துக்கொண்டார். சியோனேயை அங்கேயே தேர்ந்தெடுத்தார். அவளை ஏற்றிச் செல்ல ஒரு வெள்ளை வண்டி வந்த நாளில், அவளுடன் ஏறிய மற்றப் பெண்களும் அதே அநாதை இல்லத்தில் வளர்ந்தவர்கள் என்பதை வண்டி நகர்ந்த பிறகே கவனித்தேன்.

4. ஏப்ரலில் அறியாத எண்ணிலிருந்து ஒரே ஒரு முறை பேசினாள். "இங்க ஓட்டல் எதுவும் இல்லக்கா. சுத்தி மதிலுதான். போனைப் பிடுங்கிட்டாங்க. ஊர்ல யாருகிட்ட பேசுவேன்னு கேட்டாங்க, யாருமில்லன்னு சொல்லிட்டேன். நீ கூப்பிடாத." பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டது. இணைப்பு அறுந்தது. அந்த எண் இப்போது பயன்பாட்டில் இல்லை.

5. காவல் நிலையத்துக்குச் சென்றேன். "நீ அவளுக்கு என்ன உறவு?" என்றார் காவலர். ஒரே பானையில் ந்சீமாக் களி கிண்டித் தின்பவர்கள் என்றேன். "சொந்தக்காரங்க வந்து எழுதிக் கொடுக்கட்டும், போம்மா" என்று அனுப்பிவிட்டார்.

6. பிரையன் மறுபடி வந்திருக்கிறார். இம்முறை அநாதை இல்லத்தின் வாசலிலேயே விண்ணப்பம் கொடுக்கிறார். பிள்ளைகள் அழகான கையெழுத்தில் நிரப்புகிறார்கள். வெள்ளிக்கிழமை வண்டி வரும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். நான் தடுக்கப் பார்த்தேன். மறுநாள் மீன் சந்தையில் என் அருகே வந்து நின்று, உசிப்பாக் கருவாட்டை விலை கேட்பவர் போல, "பலாக்கால அம்மா தனியாத்தான் இருக்காங்களா?" என்று சிரித்தபடி கேட்டார். அன்றே தாயாரை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஆகவே, வெள்ளிக்கிழமை காலை அநாதை இல்லத்துக்கு வரும் வெள்ளை வண்டியைத் தாங்கள் நேரில் நிறுத்தி, ஏறுகிற பெண்களைக் கீழே இறக்க வேண்டும். சியோனே எங்கே என்று பிரையனிடம் கேட்க வேண்டும். உறவினர் ஒருவர் கையொப்பம் தேவையென்றால், இந்த மனுவில் உள்ள என் கையொப்பத்தையே அதுவாக ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இம்மனுவுக்குப் பதிலை மேற்கண்ட முகவரிக்கு அனுப்ப வேண்டாம். நான் இப்போது அங்கே தூங்குவதில்லை. நாளை காலை தங்கள் அலுவலக வாசலில் இருப்பேன். நான் வராவிட்டால், அதையும் ஒரு புகாராக எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம்: மகோம்பே
நாள்: 14 ஜூன்

தங்கள் நடவடிக்கையை நம்பி நிற்கும்,
எசெலினா கபாண்டா
(சியோனே மாலெங்காவின் அக்கா)