பால்கோவா டப்பாவில் பச்சைப் புழு

மாரிச்செல்வி,

சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. குழம்பைச் சுட வைத்திருக்கிறேன், சாப்பிடு. என்னால் சாப்பிட முடியவில்லை.

நேற்று நீ கோபித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். காலையில் நான் ஆசையாக ஃப்ரிட்ஜிலிருந்த பால்கோவா டப்பாவைத் திறந்து விரலை விட்டேன். உள்ளே செத்த கரும்பு வேர்ப்புழு! உடம்பெல்லாம் பச்சைப் பூசணம். சீ! மூன்று தடவை சோப்புப் போட்டும் விரலை முகர்ந்தால் குமட்டுகிறது. சோறு வடிக்கிற வீட்டில் அரிசியை அவித்துப் பூசணம் வளர்க்கிறவள் நீ ஒருத்திதான்.

அந்தப் பூசண அரிசிப் பையைக் குப்பையில் எறியத்தான் எடுத்தேன். "நீங்க எம்புட்டுக் குருணை மருந்து போட்டும் சாகாத புழு இதுல சாகும், மஞ்சளடிச்ச கரும்புல போன மாசமே தூவிட்டேன், தோண்டித்தான் பாருங்களேன்" என்று கத்தினாயே, அதைப் பொய்யாக்கிவிட்டு எறியலாம் என்று சோழபுரத்து வயலுக்குப் போனேன். மஞ்சளடித்த கரும்பில் ஒரு தூரைத் தோண்டினேன். ஏழு புழு. அதில் ஐந்து, உன் டப்பாவில் இருந்த மாதிரியே பச்சை பூத்து விறைத்துக் கிடந்தன. வரப்பிலேயே வாந்தி எடுத்தேன்.

பிறகு அதுகளை மண்ணுக்குள்ளேயே மூடிவிட்டேன். மற்றதுக்கும் பரவட்டும்.

ஈரம் இருந்தால்தான் பூசணம் பிடிக்கும் என்றாயே, தண்ணீர் பாய்ச்சப் போகிறேன்.

வேல்பாண்டி

பையைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். தயிரை வெளியே எடுத்துவிட்டேன்.

குண்டானில் ஒரு படி அரிசி ஊறுகிறது. உலையில் போட்டுவிடாதே. நமக்கில்லை, அந்தச் சனியனுக்கு.