கமிட்டித் தலைவர் காலில் மாவுக்கட்டு

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா என்று விசாரிப்பது முறை, விசாரித்துவிட்டேன், பதிலை அம்மா வழக்கம்போலப் போனில் சொல்லுவாள். இனி விஷயம். எங்கள் எலும்பு ஆஸ்பத்திரியை மூடவில்லை. இழுத்து இழுத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். மூடிவிட்டால் உங்கள் ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று நான் சொன்னதும், அதற்கு நீ, "அப்ப மூடட்டும்பா, சீக்கிரம் மூடச் சொல்லு" என்றதும் எனக்கு மறக்கவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தாநாளிலிருந்து என் வாய் காதுவரை போய் நிற்கிறது, எதைப் பேச ஆரம்பித்தாலும் சிரிப்பு முந்திக்கொள்கிறது. அந்தப் பக்கம் நீ மூக்கை உறிஞ்ச, இந்தப் பக்கம் நான் சிரித்துத் தொலைத்தால் நன்றாகவா இருக்கும்? அதனால்தான் கடிதம்.

நடந்ததைக் கேள். மூன்று பேர் கொண்ட கமிட்டி எங்களைப் பார்க்க வரும் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, பெரிய ஆஸ்பத்திரியில்தான் எலும்பு டாக்டர்கள் இருக்கிறார்களே, எலும்புக்கென்று தனியாக ஒன்று எதற்கு என்று முடிவு செய்ய. அதில் எங்களைச் சேர்த்துவிட்டால் வளைந்த காலைத் தாங்கிப் பிடிக்கிற காலிபர் செய்கிற எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு அங்கே இடமில்லை, அளவை மட்டும் எடுத்து எங்கோ இருக்கிற கம்பெனிக்கு அனுப்புவார்கள், சாமான் வந்து சேர்வதற்குள் குழந்தையின் கால் வளர்ந்துவிடும். பெரிய டாக்டரம்மா பல நாளாக எல்லோருக்கும் ஒத்திகை நடத்தினார், யார் எங்கே நிற்பது, யார் எதைச் சொல்வது என்று. என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, உன் கை தங்கம், வாய்தான் தகரம். அவங்க கிளம்புற வரைக்கும் மாவுக்கட்டு ரூமை விட்டு வெளிய வராதே" என்றார். நியாயம்தான், நானும் சரியென்று உள்ளேயே இருந்தேன். அன்றைக்குக் கணுக்கால் புரண்டுபோன ஒரு பஸ் டிரைவருக்குக் காலிபர் செய்ய, மாவுத்துணி சுற்றி அச்சு எடுக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் சாய்தளம் இருக்கிற பின்வாசல் வழியாக ஒருவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் இடத்தில் யாரும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, செருப்பைத்தான் பார்ப்போம். வலது ஷூவின் குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்து சரிந்திருந்தது. கணுக்கால் புரண்ட ஆள், சந்தேகமே இல்லை.

கழற்றுங்கள் என்றேன், கழற்றினார். "தம்பி, நான் வந்து..." என்று ஆரம்பித்தார். "பேச்சு அப்புறம், கால் முதல்ல" என்று பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டேன். மாவுக்கட்டுப் போடுகிற அண்ணன் துணியை நனைத்துக் கொடுக்கக் கொடுக்க மளமளவென்று சுற்றியாயிற்று. இனி இறுகும்வரை அசையக் கூடாது. வெந்நீரில் நனைத்தால் சீக்கிரம் இறுகிவிடும், ஹீட்டர் கெட்டுப்போய்க் கிடப்பதால் பச்சைத் தண்ணீர், லேசில் இறுகாது. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அவர் வலியை விசாரித்தேன். பல வருஷத்துக்கு முன் படியில் விழுந்தாராம், யாரிடமும் காட்டவில்லையாம். அப்படியே பேச்சு எங்கள் ஆஸ்பத்திரி பக்கம் திரும்பியது. மூடப் போகிறார்களாமே என்றார். "ஆமா சார், மூணு மகானுங்க வராங்க. நாற்காலியில உக்காந்தே கால் தேஞ்சவங்க" என்றேன். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே, "நீங்களே சொல்லுங்க, தனியா எதுக்கு?" என்றார். கேட்டால் சொல்லாமல் இருப்பேனா? பாதம் உள்பக்கம் வளைந்து பிறக்கிற குழந்தையிலிருந்து இடுப்பு மூட்டு மாற்றிய தாத்தா வரைக்கும் இங்கே டாக்டர் ஒரு கதவு, ஒர்க்‌ஷாப் அடுத்த கதவு, குழந்தை காலிபரை மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடக்கும், டாக்டரம்மா பார்த்துத் தலையை ஆட்டுவார், நான் அங்கேயே ராவிக் கொடுப்பேன், மறுபடி நடக்கும், அந்த இரண்டு கதவையும் பிரித்தால் எல்லாம் போச்சு என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா எங்க ஆபரேஷன் தியேட்டர் வேஸ்ட் சார். ஏசி மூச்சு வாங்குது, ஸ்டோர் ரூம் ஒழுகுது, லிப்ட் எப்ப நிக்கும்னு லிப்டுக்கே தெரியாது. தியேட்டரைத் தாராளமா பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டும்" என்றும் சேர்த்துக்கொண்டேன். தகரம் என்றால் தகரம்தானே.

அதே நேரத்தில் முன்வாசலில் நடந்ததுதான் வேடிக்கை. அசல் டிரைவர் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு பையுமாக வந்து இறங்கியிருக்கிறார். கமிட்டித் தலைவர்தான் முன்னதாக வந்துவிட்டார் என்று டாக்டரம்மா அவரை ஏசி அறையில் உட்காரவைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, திரையில் படம் போட்டு விளக்கமும் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் பாதி படம் வரைக்கும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, என் காலை எப்ப பாப்பீங்க?" என்று கேட்டாராம். அதற்குள் கமிட்டியின் மற்ற இரண்டு பேரும் வந்து எங்கள் தலைவர் எங்கே என்று கேட்க, தேடாத இடமெல்லாம் தேடி, கடைசியில் அவர்களோடு வந்து டாக்டரம்மா எங்கள் கதவைத் திறந்தார். தலைவர் ஸ்டூலில், கால் வெள்ளை வெளேரென்று, நான் அவர் குதிகாலைப் பிடித்தபடி. "சார்!" என்றார் டாக்டரம்மா. அப்போதுதான் ஆள் யாரென்று எனக்குப் புரிந்தது, ஆனாலும் குதிகாலை விடவில்லை, விட்டால் அச்சு கோணிவிடும். "சார், ஆடாதீங்க" என்றேன். அவர், "இவர் என்னை விட மாட்டேங்கறார்மா, நீங்க எல்லாரும் இங்கயே வாங்க" என்றார். கமிட்டிக் கூட்டம் அங்கேயே நடந்தது வாலு! ஒருவர் நோயாளி பெஞ்சில், ஒருவர் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில், டிரைவர் வேறு தன் முறைக்காக வாசலில் நின்றபடி நடுநடுவே கருத்துச் சொன்னார்.

அவர்கள் போனபின் டாக்டரம்மா, "என் தியேட்டரைத் தூக்கிக் குடுத்துட்டியேடா பாவி" என்று சொல்லிவிட்டு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வேலை போனது போனதுதான் என்று இருந்தேன். முந்தாநாள் மத்தியானம் அவருக்குப் போன் வந்தது. வராந்தாவில் யார் ஓடினாலும் திட்டுகிறவர், அன்றைக்கு அவரே ஓடி வந்தார். தியேட்டரும் படுக்கைகளும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகின்றன, டாக்டரம்மா இனி அங்கே போய்த்தான் ஆபரேஷன் செய்ய வேண்டும், அந்த வருத்தம் அவருக்கு இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் குழந்தைகள் பிரிவும் ஒர்க்‌ஷாப்பும் இங்கேயே, இரண்டு கதவும் பக்கத்துப் பக்கத்திலேயே. அதுவும் இரண்டு வருஷத்துக்குத்தான், அப்புறம் மறுபடி பார்ப்பார்களாம். பார்க்கட்டும். அண்ணன் மாவுச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினார். முதுகுப் பட்டை போட்ட ஒரு பெண் குனிய முடியாமல் நிமிர்ந்தே சிரித்தாள், வாக்கரோடு இருந்த தாத்தா இரண்டு பேர் சாய்தளத்தில் பந்தயம் விட்டு நர்ஸிடம் திட்டு வாங்கினார்கள். இன்னும் தலையைச் சீவினால் மாவு உதிர்கிறது எனக்கு.

சரி, இப்போது உன் விஷயம். மூடினால் வருகிறேன் என்றேன், மூடவில்லை, அதனால் வரவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. மூடவில்லை என்று கேட்டதும் நான் குதித்தேன், வாலு. அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த வேலை வேண்டும் எனக்கு. நீயும் வேண்டும். இரண்டும் ஒரே ஊரில் இல்லை, அதற்கு அச்சு எடுத்துச் சரிசெய்ய இன்னும் கருவி வரவில்லை. அதனால் டாக்டரம்மா யார் எதைக் கேட்டாலும் சரியென்று சொல்லிக்கொண்டிருந்த அந்த நேரத்திலேயே போய் நின்றேன். மாதாமாதம் கடைசி வெள்ளி, சனி, ஞாயிறு எனக்கு லீவு, குழந்தை வரிசையில் நின்றாலும் சரி, மந்திரியே நின்றாலும் சரி என்றேன். "போய்த் தொலை, ஆனா திங்கக்கிழமை காலையில இங்க இருக்கணும்" என்றார். உன் கோடை லீவு முழுக்க நீ இங்கே, அதற்கு அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இது லஞ்சம் இல்லை. இதை வாங்கிக்கொண்டு நீ சிரிக்க வேண்டும் என்றும் இல்லை. கத்தணும் என்றால் கத்து, பேசாமல் இருக்கணும் என்றால் இரு, அம்மா சமாதானம் சொன்னால் கேட்காதே, என்னிடம் நேரில் சண்டை போடு.

பையை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு போகாதே, முதுகு வளையும், இதை அப்பாவாகச் சொல்லவில்லை, தினமும் பார்க்கிறவனாகச் சொல்கிறேன். நன்றாகச் சாப்பிட்டு, ஓடி, நெடுநெடுவென்று வளர்ந்து, எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் நிமிர்ந்து நட. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு. இந்தக் கடைசி வெள்ளி சாயங்கால ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வா, பரவாயில்லை. ஆனால் வா.

சிரிப்பை அடக்க முடியாத
உன் அப்பா