அறுத்த சுருள்வில்லும் நீ ஏறாத வண்டியும்

என் மேடைக் குறிப்புகளின் மேல் ஓர் இரும்பு வளையம் கிடக்கிறது, அக்கா. தாள் பறவாதிருக்க வைத்தது. இரும்பறுக்கும் வாள் அறுத்த அதன் முனை இன்னும் கூராகவே இருக்கிறது. இன்று எடுத்தபோது விரலைக் கீறியது. உடனே உன் குரல் கேட்டது: "நான் ஏறமாட்டேன்."

உன் பெண்ணழைப்பு நாள் அது. வல்லத்திராக்கோட்டையில் நம் வாசலுக்குத் திருக்கோகர்ணத்திலிருந்து மணமகன் வீட்டார் மகிழுந்து அனுப்பியிருந்தார்கள். மன்னராட்சி முடிந்தும் மன்னர் மிடுக்கு முடியாத வீடு அது. வண்டியின் கூரைமேல் ஆளுயரப் பூமயில் நின்றது. வண்டியோ தரையைத் தொடுமளவு தாழ்ந்திருந்தது. ஏன் இப்படி என்று ஓட்டுநரை நீதான் கேட்டாய்.

"மயிலு தெருமொனை தோரண வளைவுல இடிக்குதுன்னு ஸ்பிரிங்கை அறுத்து வண்டிய எறக்கிட்டாங்கம்மா. வர்ற வழியெல்லாம் டயரு மட்கார்டுல ஒரசுது. பள்ளத்துல எறங்குனா ஸ்பிரிங்கு எடத்துல நிக்குமான்னே தெரியல."

மயிலைக் குறைக்க மனமில்லை அவர்களுக்கு. மனிதர் ஏறும் வண்டியைத் தாங்கும் வில்லைக் குறைத்தார்கள்!

நீ ஏற மறுத்ததும், வண்டியோடு வந்திருந்த மணமகனின் தாய்மாமன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "கார் அனுப்பியும் ஏறமாட்டேங்கிற பொண்ண இன்னைக்குத்தான் பாக்குறேன். ஏன் தாயி, மாட்டுவண்டியிலதான் வருவியோ?"

"வாரேங்க மாமா. எங்க மாட்டுவண்டிக்கு வில்லு இருக்கு. ஒங்க காருக்குத்தான் அறுத்துப்புட்டீங்களே."

அனுப்பிய வண்டியைத் திருப்பினால் திருமணமே நின்றுவிடும் என்று ஆத்தா உன் கையைப் பற்றி அழுதாள். நீ அசையவில்லை. "நின்னா நிக்கட்டும் ஆத்தா. எங்கூட சின்னப்புள்ளைகளும்ல ஏறுதுங்க." நம் வில்வண்டியில் ஏறி அமர்ந்தாய். மாமன் மயிலோடும் ஓட்டுநரோடும், ஒலியெழுப்பிக்கொண்டே முன்னால் போனார்.

வழியில், மதகுச் சரிவில், அந்த மகிழுந்து வயலுக்குள் சாய்ந்து கிடந்தது. சக்கரம் பள்ளத்தில் தொங்கியபோது, குட்டையாகிப்போன வில் தன் இடத்தைவிட்டு நழுவியிருந்தது. நீயும் பிள்ளைகளும் அமர்ந்திருக்க வேண்டிய பக்கம்தான் மண்ணில் புதைந்திருந்தது. ஓட்டுநர் நெற்றிக் குருதியைத் துண்டால் அழுத்திக்கொண்டிருந்தார். மயிலின் கழுத்து சேற்றில். மாமனின் வேட்டியிலும் சேறு.

வண்டியை நிறுத்தச் சொன்னாய். "ஏறுங்க மாமா."

"ரோடு சரியில்லம்மா," என்றார் அவர், ஏறிக்கொண்டே.

திருமணம் நடந்தது. ஆனால் அதன்பின் உறவுக்கூட்டம் சொன்ன சொல்லை நான் மறவேன். "ஏறமாட்டேன்னு அவ வாய் வச்சா, அதான் கார் சாஞ்சுச்சு!" அறுத்த வாளைக் கேட்டார்களா? அறுக்கச் சொன்ன வாயைக் கேட்டார்களா? உயிர்களைக் காத்த உன் வாயைத்தான் பழித்தார்கள். அன்றும் இன்றும் நான் கேட்கிறேன்: வண்டி கவிழ்ந்தது பெண்ணின் சொல்லாலா, ஆணின் வீம்பாலா?

நீயோ அறுத்தெறிந்த சுருள்வில் வளையத்தைப் பட்டறையிலிருந்து வாங்கிவரச் செய்து, புகுந்த வீட்டின் நடுக்கூடத்தில் ஆணியடித்து மாட்டினாய். எவரேனும் அந்தப் பேச்சை எடுத்தால் அங்கே விரலை மட்டும் நீட்டுவாய். விருந்துக்கு வரும்போதெல்லாம் மாமன் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உண்டார்.

நீ மறைந்த பின் அத்தான் அதைக் கழற்றி என்னிடம் தந்தார். ஊர் ஊராக அது என் பையில் வருகிறது. "முன்வரிசையில பெரியவங்க இருக்காங்க, கொஞ்சம் தணிச்சுப் பேசுங்கய்யா" என்று கூட்டம் கூட்டியவர்கள் காதோரம் வந்து சொல்லும்போது, வளையத்தை மேசைமேல் இரும்பு ஒலிக்க வைக்கிறேன்.

பிறகு, எழுதி வந்ததையே பேசுகிறேன்.